‘போ’ என்பது எந்த மொழி?

தமிழகத்தில் 1984 டிசம்பரில் நடந்த தேர்தலைப் போல இன்னொன்றை நான் கேள்விப்பட்டதில்லை. முதலமைச்சர் ஊரிலேயே இல்லை. அக்டோபரில் எம்.ஜி.ஆர் சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் செயலிழந்தது, கூடவே பக்கவாதமும் வந்தது. நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பரில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். அதே டிசம்பர் 24ஆம் தேதி வாக்குப்பதிவு. மருத்துவமனையில் எடுக்கப்பட்ட வீடியோ ஒன்று ஊர் ஊராகக் காட்டப்பட்டது. அவர் உயிரோடும் தெளிவோடும் இருக்கிறார் என்று காட்டுவதுதான் அந்த வீடியோவின் வேலை. ஆண்டிப்பட்டியில் கால் வைக்காமலே வென்றார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து பதவியேற்றார். 1987 டிசம்பரில் இறக்கும்வரை அவர்தான் முதல்வர். பேச்சு மட்டும் பழையபடி திரும்பவே இல்லை. அவர் சொல்வதைப் பக்கத்தில் இருப்பவர்கள் புரிந்துகொண்டு மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இது அவருக்கு முதல்முறையும் அல்ல. 1967 ஜனவரியில் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்து, மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே பரங்கிமலையில் வென்றவர். கழுத்தில் கட்டோடு இருந்த படம்தான் அப்போது சுவரொட்டி. மேடைப்பேச்சால் வளர்ந்த இயக்கத்தில் பேச முடியாத ஒருவர் இரண்டு முறை ஜெயித்திருக்கிறார்.

நான் பிறப்பதற்குப் பல வருஷங்களுக்கு முந்தைய கதை இது. பினாங்கில் வளர்ந்தவர்களுக்கு எம்.ஜி.ஆரைத் தெரியாமல் இருக்க முடியாது, முடிவெட்டும் கடைகளிலும் ஒட்டுக்கடைகளிலும் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய அரசியலைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. என் கேள்வி வேறு. பேச்சு போன ஒருவருக்குள் மனம் அப்படியே இருக்கிறது, விருப்பு வெறுப்பு இருக்கிறது, முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்று கோடிக்கணக்கான பேர் அவர் விஷயத்தில் ஒரு நொடிகூடச் சந்தேகப்படாமல் நம்பினார்கள். அதே மக்கள், அதே நோய் தங்கள் வீட்டுக் கிழவருக்கு வந்தால் ஒரே வாரத்தில் அவரை விட்டுவிட்டு அவர் தலைக்கு மேலே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். ‘அவருக்கு என்ன தெரியும், பாவம்.’ இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

என் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மூளையின் இடது பக்கம். வலது கை வேலை செய்வதில்லை, கால் பரவாயில்லை. பதினேழு வயதில் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவர். தொங்கான்களில் சரக்கு ஏற்றி இறக்கிய ஹொக்கியன் ஆட்களோடு நாற்பது வருஷம் வேலை செய்தவர். வீட்டில் தமிழ், ஆபீஸ் காரியத்துக்கு மலாய், மற்ற எல்லாவற்றுக்கும் ஹொக்கியன். கணக்குப் போடுவது, பேரம் பேசுவது, சண்டை பிடிப்பது எல்லாம் அதில்தான். பெரியம்மா காலமாகி ஆறு வருஷம். ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருந்தார். மகன், எனக்கு அண்ணன் முறை, கோலாலம்பூரில் இருக்கிறார். நல்ல மனிதர். அப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், அந்த வீட்டை விற்றுவிட வேண்டும் என்பது அவருடைய முடிவு. அதில் பேராசை எதுவும் இல்லை, பராமரிப்புக்குப் பணம் வேண்டும், அவ்வளவுதான்.

பெரியப்பாவிடம் மிஞ்சியிருப்பது சில சொற்கள். ஒன்று முதல் பத்து வரை ஹொக்கியனில் தொடர்ச்சியாகச் சொல்வார், நடுவில் நிறுத்தினால் மறுபடி ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கோபம் வந்தால் ஒரு வசவு, அதுவும் ஹொக்கியனில், தெளிவாக, துறைமுகத்துக்கே உரிய உச்சரிப்போடு. அக்காவுக்கு அது பெரிய வெட்கம். மற்ற எல்லாவற்றுக்கும் ‘போ’.

அண்ணன் கேட்டார்: “அப்பா, எங்ககூட கேஎல்லுக்கு வர்றீங்களா? போலாமா?” பெரியப்பா சொன்னார்: “போ.”

அண்ணனுக்கு அது சம்மதம். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. பினாங்கில் வளர்ந்த யாருக்கும் தெரியும், ஹொக்கியனில் ‘போ’ என்றால் இல்லை. கடையில் ஒரு பொருள் இல்லை என்றாலும் அதுதான், நான் செய்யவில்லை என்றாலும் அதுதான். முதல் எழுத்து தமிழ்ப் ‘போ’வைவிடச் சற்றுக் கனமாக ஒலிக்க வேண்டும். ஆனால் மூளையின் முன்பகுதி அடிபட்டவர்களுக்கு இந்தக் கனமான ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள நேர இடைவெளிதான் முதலில் குழம்பும் என்கிறார்கள். தமிழ் எழுத்து இரண்டுக்கும் ஒரே குறியைத்தான் வைத்திருக்கிறது. ஆக, ஒரு மனிதனின் மிச்ச வாழ்க்கை எந்த ஊரில் என்பது, அவர் வாயிலிருந்து வந்த ஓர் எழுத்து எந்த மொழி என்பதில் வந்து நின்றது.

பேச்சிழப்பைப் பற்றி நம்மிடம் இருக்கும் தெளிவான பதிவுகளில் ஒன்று 1861ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாரிஸுக்குப் பக்கத்தில் பீசேத்ர மருத்துவமனையில் லெபோர்ன் என்று ஒரு நோயாளி. ‘டான்’ என்ற ஓர் அசையைத் தவிர எதையும் சொல்ல முடியாதவர், ரொம்பக் கோபம் வந்தால் மட்டும் கடவுள் பேரைச் சொல்லி ஒரு வசவு வரும். பால் புரோக்கா அவரைப் பரிசோதித்தார். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு லெபோர்ன் கையை நான்கு முறை விரித்து, பிறகு ஒரு விரலை மட்டும் காட்டினார். இருபத்தொன்று. கணக்கு சரி. சில நாட்களில் அவர் இறந்துபோனார், மூளையில் காயம் இருந்த இடத்துக்குப் புரோக்காவின் பெயரே நிலைத்துவிட்டது. எனக்கு அந்த இடத்தைவிட அந்த நான்கு கையும் ஒரு விரலும்தான் முக்கியம். கவிஞர் போதலேருக்கும் 1866இல் இதே கதிதான். பிரெஞ்சு மொழியையே புரட்டிப் போட்டவருக்குக் கடைசியில் மிஞ்சியது ஒரு அரைகுறை வசவு. அவரைக் கவனித்த கன்னியாஸ்திரிகள் அதைக் கேட்டு அரண்டுபோனார்கள். அக்காவிடம் இதைச் சொன்னேன், கொஞ்சம் ஆறுதல் அடைந்த மாதிரி தெரிந்தது.

வசவும் எண்ணிக்கையும் பிழைத்துக்கொள்வதற்குக் காரணம் அவை யோசித்துக் கட்டும் வாக்கியங்கள் அல்ல, பழக்கத்தில் ஒரே துண்டாக வெளியே விழுபவை. அதனால் பெரியப்பா ஹொக்கியனில் எண்ணுகிறார் என்பதை மட்டும் வைத்து அவருக்கு ஹொக்கியன் மிஞ்சியிருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பல மொழி தெரிந்தவர்களுக்கு எந்த மொழி திரும்பும் என்பது பழைய சண்டை. முதலில் கற்றதுதான் கடைசிவரை நிற்கும் என்பது பிரெஞ்சுக்காரரான ரிபோ 1881இல் சொன்ன விதியிலிருந்து வந்த கருத்து. அதே நாட்டைச் சேர்ந்த பித்ர் 1895இல் அதை மறுத்தார், நோய்க்கு முன்னால் எது அதிகம் புழங்கியதோ அதுதான் முதலில் திரும்பும் என்றார். இரண்டுக்கும் ஆதரவாக நோயாளிகள் கிடைத்துக்கொண்டே இருக்கிறார்கள், இரண்டுக்கும் பொருந்தாதவர்களும் இருக்கிறார்கள். பல மொழி தெரிந்தால் பாதுகாப்பு என்று ஒரு பேச்சும் உண்டு. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் மற்றவர்களும் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரையில், இரண்டு அல்லது அதற்கு மேல் மொழி தெரிந்தவர்களுக்கு நோய் நாலரை வருஷம் தாமதமாகத் தொடங்கியதாகச் சொன்னார்கள். ஆனால் அதே குழு 608 பக்கவாத நோயாளிகளைப் பார்த்தபோது, பேச்சிழப்பு வருவதில் ஒருமொழிக்காரர்களுக்கும் பன்மொழிக்காரர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தாய்மொழி ரத்தத்தில் இருக்கிறது, எது போனாலும் அது போகாது என்று நாம் மேடையில் சொல்வதெல்லாம் ரிபோவின் கட்சி. தமிழ்ச் சூழலில் வளர்ந்த யாருக்குமே அந்தப் பக்கம் ஒரு சாய்வு இருக்கும், எனக்கும் உண்டு. மூளைக்கு அந்தச் சாய்வு கிடையாது.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சிப்புகளைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். அங்கே முதல் மாதத்தில் கற்றுக்கொடுப்பது, வெளியே சிக்னல் வரவில்லை என்றால் உள்ளே செத்துவிட்டது என்று எழுதாதே என்பதுதான். வெளிவாசல் மட்டும் கெட்டிருக்கலாம், சோதிக்கிற கருவியின் ஊசி சரியாகத் தொடாமல் இருக்கலாம். விடை தெரிந்த ஒரு கேள்வியைக் கொடுத்துப் பார். பெரியப்பாவுக்கும் அதைத்தான் செய்தோம். மூன்று வாரம், ஒரு நாளைக்கு நாலைந்து கேள்விக்கு மேல் இல்லை. உங்க பேரு இதுவா? இது ஈப்போவா? பெரியம்மா பேரு இதுவா? ஒரு முறை ஆம் வரவேண்டிய மாதிரியும் இன்னொரு முறை இல்லை வரவேண்டிய மாதிரியும் திருப்பிக் கேட்பது. தமிழில் கேட்டபோது எல்லாவற்றுக்கும் ‘போ’ வந்தது. சரியான விடையோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. அண்ணன் கேட்ட அந்தக் கேள்விக்கும் அதே கதிதான். அதாவது அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை.

பிறகு கீழ்த்தளத்தில் இருக்கும் சீன அங்கிளிடம் கேட்டோம். பெரியப்பாவோடு துறைமுகத்தில் இருந்தவர், எண்பதை நெருங்குகிறார். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு, கேள்வித்தாளைப் பார்க்காமல் தன் பாட்டுக்கு ஹொக்கியனில் பேச்சுக் கொடுத்தார். அங்கே ‘போ’ தப்பவில்லை. இல்லை வரவேண்டிய இடத்தில் ‘போ’, ஆம் வரவேண்டிய இடத்தில் ஒரு தலையசைப்பு, சில நேரம் ‘ஊ’. ஹொக்கியனில் ‘ஊ’ என்றால் உண்டு. இருபதில் பதினெட்டு சரி. கடைசியில் அங்கிள் கேட்டார், கேஎல்லில் மகன் வீட்டுக்குப் போகிறாயா? போ. இங்கேயே இருக்கிறாயா? தலையசைப்பு. நாலு நாள் கழித்துக் கேள்வியைத் தலைகீழாக மாற்றிக் கேட்டார். அதே விடை.

அண்ணனுக்கு இதைச் சொன்னபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “தம்பி, எங்கப்பாகிட்ட நான் தமிழ்ல கேட்டா அது கணக்கு இல்ல, ஒரு சீனக் கிழவர் கேட்டாதான் கணக்கா? அப்ப நான் யாரு?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து அவரே இன்னொன்றும் கேட்டார், அது இன்னும் கனமானது. “அங்கிளுக்கும் அப்பா இங்கே இருக்கணும்னுதானே ஆசை? அவருக்கு வேற யாரு இருக்கா? அவர் கேக்கிற தொனியிலயே பதில் இருக்கும்ல?”

நியாயமான சந்தேகம். ரோம் ஹூபென் என்று பெல்ஜியத்தில் ஒருவர், 1983இல் கார் விபத்தில் அடிபட்டு நினைவில்லாதவர் என்று பல வருஷம் படுக்கையில் கிடந்தவர். பிறகு மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது உள்ளே உணர்வு இருப்பது தெரிந்தது. 2009இல் அது உலகச் செய்தி ஆயிற்று. ஓர் உதவியாளர் அவர் விரலைப் பிடித்துக்கொள்ள, விசைப்பலகையில் அழகழகான வாக்கியங்கள் வந்தன. அடுத்த வருஷம் ஒரு எளிய சோதனை செய்தார்கள். உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டு ஹூபெனுக்கு ஒரு பொருளைக் காட்டினார்கள். அவர் திரும்பி வந்ததும் என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள். சரியான பெயர் வரவில்லை. வாக்கியங்கள் உதவியாளருடையவை. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, தான் எழுதுவது தெரியாமலே எழுதியிருக்கிறார். உள்ளே ஒரு மனிதர் இருப்பது உண்மை, வெளியே வந்த குரல் அவருடையது இல்லை. அன்பு அதிகமானால் ஆள் இல்லாத இடத்திலும் குரல் கேட்கும்.

புரூக்ளின் வீடியோவைப் பற்றி எனக்கு இருக்கும் சங்கடமும் இதுவே. அவருக்கு மனம் இருந்தது என்பதில் சந்தேகமில்லை, அதை மக்கள் நம்பியதில் ஒரு பெருந்தன்மையும் இருந்தது. ஆனால் அந்தப் பெருந்தன்மை சோதிக்கப்படாத ஒன்று. சுற்றி நிற்பவர்கள் எதைச் சொன்னாலும் அது அவர் சொன்னதாக ஆகக்கூடிய இடம் அது. எங்கள் வீட்டில் நடந்தது அதற்கு நேர் எதிர்த் திசையில், ஆனால் அதே இடத்தில்தான் வந்து சேர்கிறது. ஒருவருக்கு மனம் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பினாலும், இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு தீர்மானித்தாலும், அவரிடம் கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விடுகிறது. அதிகாரம் உள்ளவருக்கு முதலாவது கிடைக்கிறது, மூட்டை தூக்கியவருக்கு இரண்டாவது.

அங்கிள் மேல் வந்த சந்தேகத்துக்கும் அதே வழியில்தான் பதில் தேட வேண்டியிருந்தது. அங்கிளுக்கே விடை தெரியாத கேள்விகளைக் கொடுத்தோம். எங்கள் குடும்ப விஷயங்கள்தான், பெரியம்மாவின் ஊர், அக்கா முதலில் வேலை பார்த்த இடம். அவற்றிலும் பெரியப்பாவின் பதில்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. அண்ணன் போனில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, சரி, ஆனா அங்கே தனியா விழுந்து கிடந்தா யாரு பொறுப்பு என்றார். அது வேறு கேள்வி, உண்மையான கேள்வி. ஒருவரின் விருப்பம் என்ன என்பதும் அதை நிறைவேற்ற முடியுமா என்பதும் இரண்டு விஷயம். நம் வீடுகளில் இரண்டாவதற்குப் பதில் கஷ்டமாக இருந்தால் முதலாவதையே இல்லாமல் ஆக்கிவிடுகிறோம்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பெரியப்பாவுக்கு இருப்பது மறதிநோய் அல்ல. மறதிநோயில் கேள்வி இன்னும் சிக்கல். அமெரிக்கச் சட்டத் தத்துவவாதி ரொனால்ட் டுவோர்க்கின் 1993இல் ஒரு நூல் எழுதினார். தெளிவாக இருந்தபோது ஒருவர் என்ன விரும்பினாரோ அதுதான் நிற்க வேண்டும், நோய் வந்தபின் வரும் விருப்பம் அதை மாற்றாது என்பது அவர் வாதம். ரெபெக்கா டிரெஸ்ஸர் அதை மறுத்தார். இப்போது நம் முன்னால் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறவர்தானே நாம் பார்க்க வேண்டிய ஆள் என்று கேட்டார். மறதிநோய் விஷயத்தில் நான் டிரெஸ்ஸர் பக்கம், ஆனால் உறுதியாக அல்ல. பேச்சிழப்பில் அந்த இரண்டு ஆள் பிரச்சினை இல்லை. அதே ஆள்தான், நேற்றிருந்தவர். பிரிட்டனில் ரோஸ்மேரி வார்லியும் உடன் இருந்தவர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இலக்கணமே சிதைந்துபோன மூன்று பேர் அடைப்புக்குறிகள் உள்ள கணக்குகளைச் சரியாகப் போட்டார்கள். வாக்கியம் கட்ட முடியாதவர்கள் கணக்கைக் கட்டினார்கள்.

சொல் இல்லாமல் நினைப்பு உண்டா என்பது நம் பக்கத்திலும் பழைய கேள்வி. சொல் கலவாத அறிவே இல்லை என்பது பர்த்ருஹரியின் நிலைப்பாடு. சைவ சித்தாந்தம் வாக்கை நான்காகப் பிரிக்கிறது: வைகரி, மத்திமை, பைசந்தி, சூக்குமை. காதில் விழுவது வைகரி. உள்ளுக்குள் சொல்லாக உருவாகி வெளியே வராதது மத்திமை. மயில் முட்டைக்குள் இருக்கும் நீரில் தோகையின் நிறங்கள் பிரியாமல் இருப்பதுபோல எழுத்தெல்லாம் பிரியாமல் கிடப்பது பைசந்தி. சூக்குமை அதற்கும் அடியில். முன்னோர் அன்றே மூளை நரம்பியலைக் கண்டுபிடித்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை, அவர்கள் பேசியது வேறு விஷயம். ஆனால் ‘பேசவில்லை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நாம் எல்லாவற்றையும் அடைத்துவிடும்போது, அதில் பல படிகள் இருக்கலாம் என்று யோசிக்க அந்தப் பிரிவு எனக்கு உதவியது. நாக்கு மட்டும் குழறுகிறவர் ஒரு படி, சொல் உள்ளே இருந்தும் எடுக்க முடியாதவர் இன்னொரு படி. பெரியப்பாவின் தமிழ் எந்தப் படியில் சிக்கியிருக்கிறதோ. நாங்கள் பேசும் தமிழ் அவருக்குப் பெரும்பாலும் புரிகிறது. தேவாரம் போட்டால் கண் கலங்குகிறார். பதில்தான் தமிழில் வர மறுக்கிறது.

சிகிச்சைக்குப் போன இடத்தில் பரிசோதனை மலாயில்தான். அந்தப் பெண் பொறுமையானவர், தமிழோ ஹொக்கியனோ தெரியாது என்பது அவர் குற்றமில்லை. மலேசியாவில் பேச்சு சிகிச்சைக்கான பட்டப்படிப்பு தேசியப் பல்கலைக்கழகத்தில் 1995இல்தான் தொடங்கியது. பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் யோ தொடங்கிய நாசம் என்ற தேசியப் பக்கவாதச் சங்கமும் 1996இல் வந்ததுதான். பினாங்கிலும் அதற்கு ஒரு மையம் இருக்கிறது. எல்லாம் ஒரு தலைமுறைக்குள் நடந்த காரியம். பெரியப்பா மலாய்ப் பரிசோதனையில் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்தால் அவருக்கு எதுவுமே புரியாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்தத் தாள் அவருடைய கோப்பில் இருக்கிறது. வீட்டை விற்பதற்கு அவருக்கு விவரம் தெரியுமா என்று யாராவது கேட்டால் முதலில் எடுப்பது அதைத்தான்.

சட்டமும் இங்கே மெலிந்துதான் இருக்கிறது. நம் நாட்டில் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொடுத்தவர் மனநலம் இழந்தால் செல்லாமல் போய்விடும். அதாவது எப்போது அது மிகவும் தேவைப்படுமோ அப்போது. சிங்கப்பூர் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு வழி செய்தது. அதைவிட முக்கியமாக, ஒருவர் முடிவெடுக்க உதவும் நடைமுறை வழிகள் எல்லாவற்றையும் முயன்று பார்த்துத் தோற்றபிறகுதான் அவரால் முடியாது என்று சொல்ல வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அந்த வழிகளில் மொழியும் ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

இப்போதைக்கு வீடு விற்கப்படவில்லை. காலையில் அக்கா போகிறார், மாலையில் வேலை முடிந்து நான் மோட்டாரில் போகிறேன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அண்ணன் ரயிலில் பட்டர்வொர்த் வந்து ஃபெரி பிடித்து வருகிறார். இது எத்தனை நாளைக்கு ஓடும் என்று யாருக்கும் தெரியாது, அக்காவுக்கு முதுகு வலி. பெரியப்பாவுக்கு எல்லாம் விவரம் தெரியும் என்று வழக்கறிஞர் முன்னால் ஒருமுறை பதிந்துவைத்துவிடலாம், பின்னால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்பது அண்ணனின் யோசனை. வழக்கறிஞர் அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார். ஹொக்கியன் தெரிந்த ஒருவரைக் கூட்டி வரலாமா, அவர் கேட்டு வாங்கும் பதிலை ஏற்றுக்கொள்வீர்களா என்று போனில் கேட்டேன். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.